நிலம் திரும்பும் இடத்தில் ஒரு விளக்கு

தமிழ்நாட்டு வரைபடத்தை விரித்துக் கொள்ளுங்கள். சென்னையில் விரலை வைத்து, கடற்கரை ஓரமாகவே கீழே இறங்குங்கள். கடலூர், காரைக்கால், நாகப்பட்டினம், வேதாரண்யம்... அதற்குக் கொஞ்சம் தெற்கே விரல் சட்டென்று மேற்கே திரும்புகிறதல்லவா? அந்த முனைதான் கோடியக்கரை.

நம் காவிரி வண்டல் பூமியின் கடைசி மூலை அது. கிழக்கே வங்கக்கடல், தெற்கே பாக் நீரிணை, மேற்கே உப்பங்கழியும் சேற்று நிலமும். தீவு அல்ல, ஆனால் கிட்டத்தட்ட தீவு மாதிரிதான். காட்டில் வெளிமான்கள் திரியும். குளிர்காலத்தில் பூநாரைகள் வந்து இறங்கும்.

அங்கே எதற்கு விளக்கு?

அந்தக் காலத்தில் இரவு நேரம் வடக்கிலிருந்து ஒரு பாய்மரக் கப்பல் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கரையை வலக்கைப் பக்கம் வைத்தபடியே வருகிறார் மாலுமி. திடீரென்று கரையைக் காணோம்! அது மேற்கே திரும்பிவிட்டது. முன்னால் இருப்பதோ ஆழமில்லாத பாக் நீரிணை. மணல்திட்டில் தட்டினால் கப்பல் அங்கேயே சிக்கிக்கொள்ளும். பெரிய கப்பல்கள் இன்றும் இந்த வழியே வராமல் இலங்கையைச் சுற்றிக்கொண்டுதான் போகின்றன.

பகலில் அடையாளம் பார்க்கலாமே என்பீர்கள். நம் பக்கம் மலை ஏது? வயலும் பனையும் தென்னையும்தான். அதனால் உயரமான கட்டடம் எதுவானாலும் மாலுமிகளுக்கு அதுதான் மலை! நாகப்பட்டினத்தில் பழைய புத்த விகாரையின் கோபுரம் ஒன்று இப்படித்தான் கப்பல்களுக்கு அடையாளமாக நின்றது. 1867-ல் அதை இடித்துவிட்டார்கள். நினைத்தால் எனக்கு இப்போதும் மனம் ஆறுவதில்லை.

கலங்கரை விளக்கம் என்ற சொல்லையும் கொஞ்சம் பிரித்துப் பாருங்கள். கலம் என்றால் கப்பல். 'காகம் கரைகிறது' என்கிறோமே, அந்தக் கரைதலுக்கு அழைத்தல் என்றும் பொருள் உண்டு. கலங்களை 'வா, வா' என்று அழைக்கும் விளக்கு! சிலப்பதிகாரத்திலேயே இந்தச் சொல் வருகிறது.

கோடியக்கரையில் சோழர் காலத்துக் கலங்கரை விளக்கம் என்று சொல்லப்படும் செங்கல் கோபுரம் ஒன்று இருந்தது. கல்கியின் 'பொன்னியின் செல்வன்' படித்தவர்களுக்குப் பூங்குழலியைத் தெரியும். அவள் அப்பா தியாகவிடங்கர்தான் கதையில் இந்த விளக்கின் காவலர். பூங்குழலி கற்பனை, கோபுரம் நிஜம். காலப்போக்கில் சிதைந்து, அடிப்பாகம் மட்டும் மிஞ்சி நின்றது. 2004 டிசம்பர் 26 அன்று வந்த சுனாமி அதையும் சாய்த்துவிட்டது.

ஆங்கிலேயர் 1890-ல் 13 மீட்டர் உயரத்தில் ஒரு விளக்கைக் கட்டினார்கள். பிறகு 1998-ல் 45 மீட்டர் உயரத்தில் புதிய கோபுரம் வந்தது. ஏன் இவ்வளவு உயரம்? விளக்கு எவ்வளவு பிரகாசமாக இருந்தாலும் பூமி உருண்டையாயிற்றே! தொலைவில் போகப் போக, கடலின் வளைவு விளக்கை மறைத்துவிடும்.

இதற்கு ஒரு கணக்கு உண்டு. கோபுரத்தின் உயரத்தை மீட்டரில் எழுதி, வர்க்கமூலம் கண்டுபிடித்து, 3.57-ஆல் பெருக்குங்கள். நீர்மட்டத்தில் இருப்பவர் கண்ணுக்கு எத்தனை கிலோமீட்டர் வரை விளக்கு தெரியும் என்று விடை வரும். 13 மீட்டர் கோபுரம் என்றால் ஏறத்தாழ 13 கிலோமீட்டர். 45 மீட்டர் கோபுரம் என்றால் 24 கிலோமீட்டர். உயரம் மூன்றரை மடங்கு ஆனது. தூரம் இரண்டு மடங்குகூட ஆகவில்லை, கவனித்தீர்களா? படகு மேட்டில் எழுந்து நிற்பவருக்கு இன்னும் கொஞ்சம் தூரத்திலிருந்தே தெரியும்.

இப்போது உங்களுக்கு ஒரு கணக்கு. தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தைத் தூக்கிக்கொண்டுபோய்க் கோடியக்கரையில் நிறுத்தி, உச்சியில் ஒரு விளக்கு ஏற்றுகிறோம். உயரத்தைக் கணக்குக்கு வசதியாக 64 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். எத்தனை கிலோமீட்டர் தூரத்திலிருந்து தெரியும்? 64-க்கு வர்க்கமூலம் தெரியாதவர்கள் வீட்டில் அக்காவையோ அண்ணனையோ கேட்கலாம்!