மறைப்பதற்கன்று மணம்

ஐம்புலன்களுள் மூக்குக்கு மட்டும் கதவில்லை. கண்ணை மூடலாம், காதைப் பொத்தலாம், மூச்சை அடக்கிக்கொண்டு வாழ இயலாது. அயல் வீட்டின் மணம் எம்மிடம் அனுமதி கேளாமலே எம்முள் புகுகின்றது. எமது வீட்டின் மணமும் அவ்வாறே அயலவரிடம் செல்கின்றது. பாரிஸ் மாநகரின் அடுக்குமாடியொன்றில் மீன்குழம்பு கொதிக்கும் வேளையில் யன்னலைத் திறப்பதா, பூட்டுவதா என்று தடுமாறாத தமிழ்க் குடும்பம் உண்டோ?

எம்மவரின் புகலிட வாழ்வில் இத் தடுமாற்றம் சிறியதன்று. பிள்ளையின் குளிரங்கியில் தாளிதத்தின் மணம் ஏறிவிடும் என்று அஞ்சி, அதனை உறையிட்டு அலுமாரிக்குள் பூட்டி வைக்கும் தாய்மார் உளர். உணவகத்தில் பாத்திரம் கழுவிவிட்டு நள்ளிரவு மெத்ரோவில் திரும்பும் இளைஞன், பொரித்த எண்ணெயின் வாடை தன்னிடமிருந்து வீசுமென எண்ணி, இருக்கை வெறுமையாய் இருந்தும் கதவோரம் நிற்கின்றான். இவற்றை யாரும் யாரிடமும் வாய்விட்டுப் பேசுவதில்லை. வெளியே புறப்படுமுன் கழுத்திலும் சட்டையிலும் வாசனையை விசிறிக்கொண்டு போய்விடுகின்றனர்.

இவ்வச்சம் வெறும் கற்பனையுமன்று. 1991 ஆம் ஆண்டு யூன் 19 ஆம் நாள், அப்போது பாரிஸ் நகர முதல்வராயிருந்த ஜாக் சிராக், ஒர்லேயோன் நகரில் தமது கட்சி விருந்தொன்றில் உரையாற்றினார். கூத் தோர் பகுதியில் வாழும் பிரெஞ்சுத் தொழிலாளி, எதிர்வீட்டுக் குடியேறிகளின் இரைச்சலாலும் நாற்றத்தாலும் பித்தாகிவிடுகின்றான் என்னும் கருத்தை அவர் அங்கே வெளியிட்டார். நான்கு ஆண்டுகளின் பின் அவரே நாட்டின் அதிபரானார். அதே 1995 இல் தூலூஸ் நகரின் செப்டா என்னும் இசைக்குழு, அச்சொற்களையே தலைப்பாக்கிப் பாடலொன்றை வெளியிட்டுப் பதிலிறுத்தது.

அந்தக் கூத் தோர், எமது கடைத்தெருவான லாச்சப்பலிலிருந்து நடந்தே சென்றடையத்தக்க அயல். அவ்வயலில் வட ஆபிரிக்கரின் கடைகளில் விரலளவுக் கண்ணாடிக் குப்பிகளில் வாசனைத் தைலங்கள் விற்பனைக்கு உள்ளன. நாற்றம் என்று தலைவரொருவர் சுட்டிய இடத்திலேயே நறுமணம் விற்கப்படுகின்றது. அகதிகளுக்கான ஏட்டில் வாசனைத் தைலத்தைப் பற்றி எழுதுவதா என்று வினவும் வாசகருக்கு இதுவே எமது விடை.

செம்புக் கலமும் மூங்கிற் குழாயும்

கடந்த குளிர்காலம் முழுவதும் நாம் மூன்று தைலங்களை மாறி மாறிப் பூசி வந்தோம். அவை தொழிற்சாலையிற் கலக்கப்பட்டவை அல்ல. கைவினைஞர் வடித்த அத்தர்கள். வட இந்தியாவின் உத்தரப் பிரதேசத்திலுள்ள கன்னோஜ் நகரிலிருந்து நண்பரொருவர் கொணர்ந்து தந்தார். ஏழாம் நூற்றாண்டில் ஹர்ஷவர்த்தனரின் தலைநகராய் விளங்கிய அந்நகர், இன்று அத்தருக்கே பெயர் பெற்றது.

அங்கு வடிக்கும் முறை மிக எளிமையானது. பெரிய செம்புக் கலத்தில் பூவையும் நீரையும் இட்டு, மூடியின் விளிம்பைக் களிமண்ணால் அடைத்து, விறகிலோ வறட்டியிலோ எரியூட்டுகின்றனர். ஆவி மூங்கிற் குழாய் வழியே சென்று, தண்ணீர்த் தொட்டியில் அமிழ்ந்திருக்கும் மற்றொரு செம்புக் கலத்தைச் சேர்கின்றது. அக்கலத்தில் முன்னரே சந்தன எண்ணெய் காத்திருக்கும். குளிர்ந்து நீராகும் ஆவியிலுள்ள பூமணத்தைச் சந்தனம் பற்றிக்கொள்ளும். மறுநாள் நீரை வடித்து நீக்கி, அதே எண்ணெயில் புதுப்பூவின் மணத்தை மீண்டும் ஏற்றுவர். பல நாட்கள் இவ்வாறு தொடரும். வெப்பமானி ஏதுமில்லை. கலத்தைத் தொட்டுப் பார்த்தே தீயின் அளவை அறிகின்றார் வடிப்பவர்.

நாம் வாழும் பிரான்சும் வாசனைக்குப் பேர்போன நாடே. தென்பகுதியிலுள்ள கிராஸ் வட்டாரத்தின் வாசனைக் கலையை யுனெஸ்கோ 2018 இல் மானுடத்தின் மரபுச் செல்வமாக ஏற்றது. ஆயினும் இங்குள்ள கடைகளில் நாம் வாங்கும் திரவியங்களுட் பெரும்பாலானவை மதுசாரத்திற் கரைக்கப்பட்டவை. மதுசாரம் விரைந்து ஆவியாகி, மணத்தை அறை முழுவதும் பரப்பிவிடும். எண்ணெய் அவ்வாறு பறப்பதில்லை. உடற்சூட்டில் சிறிது சிறிதாகவே அது மணத்தை விடுகின்றது. விசிறும் வாசனை எமக்கு முன்னரே அறைக்குள் நுழைந்துவிடும். தைலத்தின் மணமோ கைகுலுக்கும் தொலைவுக்கு வந்தவருக்கே எட்டும். குழந்தையை அணைக்கும்போது குழந்தை அறியும்.

மூன்று தைலங்கள்

முதலில் பூசியது வெட்டிவேர். இதனைச் சந்தனம் சேர்க்காது தனியே வடிப்பர். செம்பிலே வடிந்ததால் இளம்பச்சை நிறம் கொண்டிருந்தது. மணிக்கட்டில் ஒரு துளி வைத்ததும் எழுந்த மணம் இனிமையானதன்று. ஈரவேரின் கசப்பும் சிறிது புகையும் கலந்தது. அரை மணி நேரத்தின் பின் கசப்பு அடங்கியது. வெயிற்காலத்தில் வேரை முடிந்து போட்ட மண்பானைத் தண்ணீரின் நினைவு வந்தது. மாலையில் வீடு திரும்பிக் கழுத்துச் சால்வையைக் களைந்தபோது, கம்பளி நூலில் அது இன்னமும் இருந்தது. பனி கொட்டும் நாளில் குளிர்மையைத் தரும் வேரைப் பூசுவது பொருந்தாதென எண்ணுவோர் ஒருமுறை முயன்று பார்க்கலாம். எமக்கு அது பொருந்தியது.

இரண்டாவது தாழை. ஒடிசாவின் கஞ்சம் மாவட்டக் கரையோரங்களில் மிகுதியாய்ப் பூப்பது. எமது கடனீரேரிக் கரைகளிலும் தாழை உண்டு. சிவபூசைக்கு விலக்கென்று பெரியோர் கூறக் கேட்ட பூ. இத்தைலம் எமக்குப் பிடித்ததெனக் கூற இயலாது. தொடக்கத்தில் கத்திபோற் கூர்மையாய் எழுந்து, வெப்பமூட்டிய மெத்ரோப் பெட்டிக்குள் தேன்போல் தடித்துத் தலையை வலிக்கச் செய்தது. சவர்க்காரமிட்டுக் கழுவியும் போகவில்லை. அடுத்த முறை துளியில் பாதியை மட்டும் பூசினோம். அப்போதுதான் அதற்குள்ளிருந்த மென்மை தெரிந்தது. தைலத்தில் அளவே பாதிக் கலை.

மூன்றாவது மண். ஆம், வெறும் மண்ணே. காய்ந்த களிமண்ணைத் தட்டாக்கிச் சுட்டு, பூவுக்குப் பதிலாகக் கலத்திலிட்டு வடிக்கின்றனர். வறண்ட நிலத்தில் முதல் மழை விழும்போது எழும் மணம் சந்தன எண்ணெயில் சிறைப்படுகின்றது. 1964 இல் அவுஸ்திரேலிய விஞ்ஞானிகளான இசபெல் பியரும் றிச்சர்ட் தோமசும் இம்மணத்திற்குப் ‘பெற்றிக்கோர்’ எனப் பெயர் சூட்டினர். உத்தரப் பிரதேசத்தில் இதை எண்ணெயாக வடிக்கும் வழக்கம் இருப்பதையும் அவர்கள் குறித்துள்ளனர். கோடையில் செடிகொடிகளிலிருந்து வெளிப்படும் எண்ணெய்ப் பொருட்கள் மண்ணிலும் கல்லிலும் சேர்ந்திருக்கும். மண்வாழ் நுண்ணுயிர்கள் ஆக்கும் ஜியோஸ்மின் என்னும் பொருளும் உடன் சேரும். மழைத்துளி விழும்போது இவை காற்றில் எழுகின்றன.

பாரிசில் மழைக்குக் குறைவில்லை. ஆயினும் நாம் அறிந்த அந்த மணம் இங்கு அரிது. நீண்ட வறட்சியின் பின்னரே அது ஓங்கி எழும். அடிக்கடி நனைந்து கிடக்கும் நிலத்திலிருந்து எவ்வாறு எழும்? ஆகவே, தைமாதக் காலையொன்றில் மண் அத்தரைப் பூசியபோது, செம்பாட்டு நிலத்தில் முதல் தூறல் விழுந்த முற்றம் எம் மணிக்கட்டில் வந்திறங்கியது. கண்ணீர் வந்ததென்று மிகைப்படுத்தோம். ஆனால் சிறிது நேரம் பேச விருப்பமின்றி இருந்தோம்.

அன்று மின்தூக்கியில் அருகில் நின்ற வயது முதிர்ந்த பிரெஞ்சு மாது, இது என்ன வாசனையென்று கேட்டார். மழை என்றோம். அவர் நகைக்கவில்லை. தமது ஊரில் புல் அறுத்த வயலின் மணத்தை ஐம்பது ஆண்டுகளாகத் தேடுவதாகக் கூறி, நான்காம் தளத்தில் இறங்கிச் சென்றார்.

ஒன்று கவனித்தோம். பூசிய சில நிமிடங்களில் எமது மணம் எமக்கே தெரியாது போய்விடுகின்றது. மூக்கு தொடர்ந்து வரும் மணத்துக்குப் பழகி, அதனைப் புறக்கணிக்கும் இயல்புடையது. எமது சமையலறை எமக்கு மணக்காததும் இதனாலேயே. எதிர்வீட்டு வெண்ணெயும் பாற்கட்டியும் எதிர்வீட்டாருக்கு மணக்காததும் இதனாலேயே. மணமற்ற வீடு உலகில் இல்லை. தனது மணத்தை அறியாத வீடுகளே உள்ளன. இதனைப் பிள்ளைகளுக்கு விளக்கினால், பாடசாலையில் கேட்கும் ஒரு சொல் அவர்களை அவ்வளவு எளிதில் வீழ்த்தாது.

இன்னொன்றையும் சொல்லாது விடலாகாது. அத்தர் என்னும் சொல் அரபு வழி வந்தது. எமது ஊர்களில் அதனைப் பூசும் வழக்கம் முஸ்லிம் அயலவரிடமே மிகுதி. பெருநாள் காலையில் அவர்களுடைய தெருவைக் கடந்தவர் அதை அறிவர். 1990 ஒக்ரோபரில் வட மாகாணத்து முஸ்லிம் மக்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். புத்தளம் முதலிய இடங்களில் நெடுங்காலம் அகதிகளாய் வாழ்ந்தனர். அவர்களுடன் எமது தெருக்களிலிருந்து ஒரு மணமும் வெளியேறியது. பிறர் எம்மை ஒதுக்கும்போது நோகும் நாம், இதனை மறந்து அத்தர் பூசுவது தகாது.

பூசுவோர் அறிய வேண்டியவை

தூய அத்தர் மலிவானதன்று. ஒரு கிலோ ரோசா எண்ணெய்க்கு ஏறக்குறைய 3000 முதல் 4000 கிலோ பூ வேண்டும். சந்தன மரமும் அருகி வருவதால், இன்று பலர் சந்தனத்துக்குப் பதிலாகத் திரவப் பரபினைப் பயன்படுத்துகின்றனர். ஆதலால் மிக மலிவாய்க் கிடைக்கும் ‘சுத்த சந்தன அத்தர்’ என்பதை நம்பி ஏமாறாதீர்கள். கடையில் மோந்தவுடன் வாங்காது, மணிக்கட்டில் ஒரு துளி வைத்து இரண்டு மூன்று மணி நேரம் பொறுத்துப் பாருங்கள். நல்ல தைலம் நேரத்தோடு மாறிக்கொண்டே செல்லும்.

புதுத் தைலத்தை முதலில் முழங்கையின் உட்புறத்தில் சிறிதளவு பூசி, ஒரு நாள் கழியும்வரை பாருங்கள். சிவந்தாலோ அரித்தாலோ விட்டுவிடுங்கள். இயற்கையானது என்பதால் மட்டும் எதுவும் தீங்கற்றதாகாது. கைக்குழந்தைகளுக்குப் பூச வேண்டாம். வீட்டில் ஆஸ்துமா உள்ளவர் இருப்பின் அவரைக் கேட்ட பின்னரே பூசுங்கள். மருத்துவமனையிலும் சமையற்கூடத்திலும் பணிபுரிவோர் வேலை நாட்களில் தவிர்ப்பது முறை. வெள்ளைச் சட்டையிலும் பட்டுச் சேலையிலும் பட்டால் கறை நிற்கும். குப்பியை வெயிலும் வெப்பமும் படாத இடத்தில் வையுங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, எதையோ மறைக்கவெனத் தைலத்தைப் பூசாதீர்கள். பொரித்த எண்ணெயின் வாடைக்குச் சவர்க்காரமும் வெந்நீரும் போதும். அது உழைப்பின் வாடை, வெட்கத்துக்குரியதன்று. தைலம் வேறு காரியத்துக்கு உரியது. விடுமுறை நாளொன்றில் பிள்ளைகளை அருகே இருத்தி, ஒரு துளியை அவர்களின் கையில் வைத்து, இது வெட்டிவேர், இது தாழை, இது மழை பெய்த மண் என்று பெயர் சொல்லிக் கொடுங்கள். ஊரைக் காணாத பிள்ளைக்கு ஊரின் படத்தைக் காட்டுகின்றோம், பாட்டைக் கேட்பிக்கின்றோம். அதன் மணத்தையும் அறியத் தருவோம். நாளை யாரேனும் இது என்ன மணம் என்று கேட்டால், தலை குனியாது பெயரைச் சொல்ல அப் பிள்ளைக்குத் தெரிந்திருக்கும்.