கோட்டுப் பையில் ஒரு துகள்

1999 ஏப்ரல் 26 அன்று, பிபிசி தொலைக்காட்சித் தொகுப்பாளர் ஜில் டாண்டோ லண்டனின் ஃபுல்ஹாம் பகுதியில் தம் வீட்டு வாசலிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். ஏறத்தாழ ஓராண்டுக்குப் பின், அதே வட்டாரத்தில் வசித்த ஒருவரின் வீட்டிலிருந்து போலீசார் ஒரு கோட்டைக் கைப்பற்றினார்கள். அதன் உள்பையில் ஒரே ஒரு துகள் அகப்பட்டது. அதன் குறுக்களவு ஒரு மில்லிமீட்டரில் சுமார் நூறில் ஒரு பங்கு. ஈயம், பேரியம், அலுமினியம் மூன்றும் அதில் இருந்தன. டாண்டோவின் தலைமுடியில் படிந்திருந்த துகள்களோடு அது பொருந்தியது. 2001-இல் அந்த மனிதருக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. அந்தத் துகள் ஏதோ ஒரு தோட்டாவிலிருந்து வந்திருக்கலாம் என்பதை யாரும் மறுக்க வேண்டியதில்லை. சுட்டது யார் என்று சொல்லும் வல்லமை அதற்கு உண்டா என்பதே கேள்வி. இல்லை என்பதே என் முடிவு.

விசையை இழுத்ததும் சுத்திமுனை தோட்டாவின் அடியிலுள்ள பிரைமரைத் தாக்குகிறது. அந்தச் சிட்டிகை மருந்தில் பெரும்பாலும் ஈயம், பேரியம், ஆண்டிமனி ஆகியவற்றின் சேர்மங்கள் இருக்கும். சில வகைகளில் அலுமினியமும் சேரும். வெடிப்பின் வெப்பத்தில் இவை ஆவியாகி, மறுகணமே குளிர்ந்து, கண்ணுக்குத் தெரியாத உருண்டைகளாக உறைகின்றன. துப்பாக்கியின் இடுக்குகள் வழியே புகையோடு வெளியேறி, சுட்டவரின் கையிலும் சட்டையிலும் முகத்திலும் படிகின்றன. 1930-களில் பரவிய பாரஃபின் மெழுகுச் சோதனை கையிலிருந்த நைட்ரேட்டை மட்டுமே தேடியது. உரம் தூவிய விவசாயியின் கையும் அதில் நீலம் காட்டும். 1970-களில் புழக்கத்துக்கு வந்த ஸ்கேனிங் எலெக்ட்ரான் நுண்ணோக்கியோ ஒவ்வொரு துகளின் வடிவத்தையும் அதிலுள்ள தனிமங்களையும் தனித்தனியே காட்டுகிறது. தடயவியலின் பெரிய பாய்ச்சல்களில் இதுவும் ஒன்று. ஆனால் ‘இது என்ன?’ என்ற கேள்விக்குத்தான் இந்தக் கருவி விடை தருகிறது. ‘இது எப்படி இங்கே வந்தது?’ என்று அதனிடம் கேட்டுப் பயனில்லை.

அரிசி மாவைத் தொட்ட கை கதவைத் தொட்டால் கதவிலும் மாவு ஒட்டும். இந்தத் துகள்களும் அப்படித்தான். சுட்டவர் அருகில் நின்றவர் மேல் படியும். சுடப்பட்ட துப்பாக்கியை வெறுமனே எடுத்துப் பார்த்தவர் கையில் ஒட்டும். ஆயுதம் ஏந்தும் காவலரின் சீருடையிலிருந்து ஜீப் இருக்கைக்கும், அங்கிருந்து கைதானவருக்கும் தாவும். வேலை செய்யும் கையிலிருந்து சில மணி நேரத்தில் உதிர்ந்துவிடும், கழுவினால் உடனே போய்விடும். அசையாத ஒரு பைக்குள் மாதக்கணக்கில் கிடந்தாலும் வியப்பில்லை. எனவே காலமும் அதில் எழுதப்பட்டிருக்காது. டாண்டோ வழக்கின் கோட்டு, ஆய்வகத்துக்குப் போகும் முன் படம் எடுப்பதற்காக வேறோர் இடத்துக்குக் கொண்டு செல்லப்பட்டது. வாணவெடிகளிலும் பேரியமும் அலுமினியமும் உண்டு. மத்தாப்பின் பச்சை நிறமே பேரியத்தின் கொடைதான். மூன்று உலோகங்கள் ஒரே உருண்டையில் உருகிக் கலப்பது அபூர்வம் அல்லவா என்று கேட்கலாம். அபூர்வம்தான். பத்து இருபது துகள்கள் கிடைத்தால் அந்த வாதத்துக்குக் கனம் உண்டு. ஒற்றைத் துகளுக்கு அந்தக் கனம் கிடையாது.

பிரிட்டனின் தடயவியல் சேவை நிறுவன விஞ்ஞானிகள் பின்னர் கேள்வியைச் சரியாக எழுப்பினார்கள். அவர் சுட்டிருந்தால், ஓராண்டு கழித்து அந்தப் பையில் இப்படியொரு துகள் கிடைக்க எவ்வளவு வாய்ப்பு? சுடாமலே இருந்திருந்தால் எவ்வளவு? இரண்டுக்கும் அவர்கள் தந்த மதிப்பு ஒன்றே: நூற்றில் ஒன்று. தராசின் இரு தட்டிலும் ஒரே எடை. முதல் கேள்வியை மட்டும் கேட்கும் நீதிமன்றம் துகளைக் குற்றவாளியின் கையெழுத்தாகவே படிக்கும். 2001-இன் நடுவர்கள் முன் இரண்டாம் கேள்வி இவ்வளவு தெளிவாக வைக்கப்படவில்லை.

இப்படிப் பார்த்தால் குற்றவாளிகள் தப்பிவிட மாட்டார்களா என்ற கவலை நியாயமானது. சோதனையைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. சுட்ட ஒரு மணி நேரத்துக்குள், போலீஸ் வாகனத்தில் ஏறுவதற்கு முன், சந்தேக நபரின் உறையிட்ட கைகளிலிருந்து ஏராளமான துகள்கள் கிடைத்து, ‘துப்பாக்கிப் பக்கமே போகவில்லை’ என்று அவர் சொன்னால், அந்தச் சான்று வலுவானது. காயத்தைச் சுற்றிய வெடிமருந்து எச்சத்தின் பரவல், எவ்வளவு தூரத்திலிருந்து சுடப்பட்டது என்பதைக் கணிக்கவும் பெரிதும் உதவும். அதேபோல், எச்சம் இல்லாத கை குற்றமற்ற கை என்றும் ஆகாது.

மேல்முறையீட்டு நீதிமன்றம் 2007 நவம்பரில் தண்டனையை ரத்து செய்து மறுவிசாரணைக்கு உத்தரவிட்டது. அந்த விசாரணையில் துகளைச் சான்றாக வைக்க அனுமதி கிடைக்கவில்லை. 2008 ஆகஸ்ட் 1 அன்று நடுவர்கள் அவரைக் குற்றமற்றவர் என்று விடுவித்தபோது, அவர் கைதாகி எட்டு ஆண்டுகள் கடந்திருந்தன.