ஆணா, பெண்ணா? மணல் சொல்லும் பதில்

பினாங்கு தீவின் வடமேற்கு முனையில், மீனவர்கள் வாழும் தெலுக் பாஹாங்கை ஒட்டித் தொடங்குகிறது பினாங்கு தேசியப் பூங்கா. 2003-இல் அறிவிக்கப்பட்ட இப்பூங்காவின் கெராச்சுட் கடற்கரைக்குப் பச்சை ஆமைகள் முட்டையிட வருகின்றன.

முட்டைக்குள் வளரும் குஞ்சு ஆணா, பெண்ணா என்பதை எது தீர்மானிக்கிறது தெரியுமா? மணலின் வெப்பம்தான்! சுமார் 29 டிகிரி செல்சியசில் இரண்டும் ஏறக்குறையச் சமமாகப் பிறக்கும். வெப்பம் கூடினால் பெண் குஞ்சுகளே மிகும். இன்னும் கூடினால் கரு இறந்துவிடும்.

கரையோர மரங்களை வெட்டினால் நிழல் போகும், மணல் சுடும். பூமி சூடாவது நிலைமையை மேலும் மோசமாக்குகிறது. அதனால்தான் ஆமைகளைக் காக்க, முட்டைகளைப் பத்திரப்படுத்தினால் மட்டும் போதாது; காட்டையும் காக்க வேண்டும். கெராச்சுட்டில் மீன்வளத் துறையின் ஆமைப் பாதுகாப்பு மையம் முட்டைகளைச் சேகரித்துப் பொரிக்க வைத்து, குஞ்சுகளைக் கடலில் விடுகிறது.

இதில் மனிதர் பிழைப்பும் அடங்கியுள்ளது. தெலுக் பாஹாங் படகுக்காரர்கள் பயணிகளை இக்கரைகளுக்கு ஏற்றிச் சென்று சம்பாதிக்கிறார்கள். காடும் கரையும் கெட்டால் யார் வருவார்கள்?

நீங்கள் அங்கே போனால் குப்பையைத் திரும்ப எடுத்து வாருங்கள். ஆமை முட்டை விற்பனைக்கு வந்தால் வாங்காதீர்கள்.