கேட்கும் கையும் மிதிக்கும் காலும்

பிறர் பொருட்டுக் கை நீட்டுவது இரத்தல் ஆகாது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஆண்டுதோறும் நிகழும் 'பான்-மாஸ் சேலஞ்ச்' என்னும் சைக்கிள் பயணம் இவ்வுண்மையை மெய்ப்பிக்கின்றது.

பில்லி ஸ்டார் என்பார் 1974-இல் தம் அன்னையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தார். அத்துயரம் தொண்டாக மலர்ந்தது. 1980-இல் அவர் முயற்சியால் 36 பேர், ஸ்பிரிங்ஃபீல்டிலிருந்து கடலோர ஊரான பிராவின்ஸ்டவுன் வரை இரண்டு நாட்கள் சைக்கிள் மிதித்தனர். அவர்கள் திரட்டிய 10,200 டாலர், பாஸ்டனிலுள்ள டானா-ஃபார்பர் புற்றுநோய் நிலையத்திற்கு அளிக்கப்பட்டது. ஊற்றாகத் தோன்றிய அப்பணி, 2024-க்குள் மொத்தம் 100 கோடி டாலரைக் கடந்த பேராறாகப் பெருகிற்று!

இப்பயணத்திற்குக் கால் வலிமை மட்டும் போதாது. செல்லும் வழிக்கேற்ப ஒவ்வொருவரும் குறிப்பிட்ட தொகையை உற்றார், நண்பர்களிடம் கேட்டுத் திரட்டுதல் வேண்டும். குறைவதைத் தம் கைப்பொருளால் ஈடு செய்தலும் வேண்டும். அவ்வாறு திரட்டும் பணம் முழுவதும் மருத்துவ நிலையத்தையே சேருகிறது. மிதிக்க இயலாதோர் வழியில் உணவும் நீரும் வழங்கித் துணை நிற்கின்றனர்.

ஊர்விட்டு வந்து வாழும் நாம், சங்கப் பணிக்கென ஓர் அண்டை வீட்டுக் கதவைத் தட்டவும் கூசுகிறோம். மேட்டில் சைக்கிள் மிதிப்பதினும் கேட்பதே கடினம். ஆயினும், கேட்பவர் தாமும் வியர்வை சிந்தினால் கொடுப்பவர் கை தானே நீளும். கணக்குத் தெளிவாயிருப்பின் மறு ஆண்டும் நீளும். கூச்சத்தை விடுத்து, பொதுப்பணிக்குப் புறப்படுவோமாக!