தோட்டக் காவலுக்குக் கொணரும் நாய்க்குட்டி

குருநகர்க் கரையில் மீன் கழிவு உண்டு திரியும் நாய்களின் குட்டிகளைக் கமக்காரர் தோட்டக் காவலுக்கெனக் கொண்டு செல்வதுண்டு. 8 வாரம் நிரம்பாத குட்டியைத் தாயினின்றும் பிரித்தல் ஆகாது. ஓடத் தொடங்கியதே போதுமென எண்ணுவோர் பின்னர் வருந்துவர்.

புதிய இடத்தில் முதற் சில இரவுகள் குட்டி அழும். சாக்கு விரித்த பெட்டியொன்றைத் திண்ணை மூலையில் வைத்தாற் போதும், அடித்தல் வேண்டா. பசுப்பால் பல குட்டிகளுக்குக் கழிச்சலை உண்டாக்கும். முள் நீக்கி உப்பின்றி அவித்த மீனைச் சோற்றுடன் குழைத்து, நாளொன்றுக்கு நான்கு முறை சிறிது சிறிதாகக் கொடுத்தல் நன்று.

யாழ்ப்பாணத்தில் வெங்காயத்துக்குக் குறைவில்லை. கறி மிச்சமோ குட்டிக்கே போய்ச் சேருகின்றது. வெங்காயம் நாயின் செங்குருதிக் கலங்களைச் சிதைக்கும். வேகவைத்தாலும் அத்தன்மை நீங்காது. தீங்கு உடனே தோன்றாது. சில நாட்கள் கழித்தே ஈறு வெளிறிக் குட்டி சோர்ந்து விழும். வளர்ப்போர் அப்பொழுது வேறு காரணம் தேடுவர்.

குடற்புழுவுக்கு மிருக வைத்தியரிடம் மருந்து பெறுக. மலத்திலுள்ள புழு முட்டைகள் மண்ணில் நெடுங்காலம் உயிர்த்திருந்து சிறுவரைப் பற்றுமாதலால், கீரைப் பாத்தியில் குட்டியை விடலாகாது.

விசர்நோய்த் தடுப்பூசியை நாளை என்று தள்ளுதல் கூடாது. இந்நோயை அடக்க 1893ஆம் ஆண்டிலேயே இலங்கையில் சட்டம் பிறந்தது. குட்டிதானே என்று எண்ணாது, கடித்தாலும் பிறாண்டினாலும் காயத்தைச் சவர்க்காரமிட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, அன்றே மருத்துவமனை செல்க. நோய்க்குறி தோன்றிய பின்னர் உயிர் பிழைத்தல் அரிதினும் அரிது. குட்டிக்கு ஊசியை ஆண்டுதோறும் மீண்டும் போடுவித்தல் வேண்டும்.