அம்மாவுக்கு மூன்று பக்கம்

அம்மாவின் புத்தகம் அச்சாகிறது! வாங்க, அச்சகத்துக்குள் ஒரு எட்டு எட்டிப் பார்த்துவிட்டு வரலாம்.

அம்மா திருச்சி டிரங்க் எக்ஸ்சேஞ்சில் டெலிபோன் ஆபரேட்டராக இருந்தவர். ஹெட்செட் மாட்டிக்கொண்டு, ஸ்விட்ச்போர்டில் வயரைச் செருகிச் செருகி ஊரோடு ஊரைப் பேச வைத்தவர். ஆபரேட்டர் இல்லாமல் நேரே டயல் செய்யும் எஸ்டிடி 1960-லேயே லக்னோவுக்கும் கான்பூருக்கும் இடையே வந்துவிட்டது; ஆனால் எல்லா ஊருக்கும் வந்துசேர வெகுகாலம் ஆயிற்று. அதுவரை கால் புக் செய்துவிட்டுக் காத்திருக்க வேண்டியதுதான். தலைபோகிற அவசரமென்றால் லைட்னிங் கால், கட்டணம் எட்டு மடங்கு!

இந்தக் கதைகளையெல்லாம் அம்மாவிடமிருந்து எப்படி வாங்கினேன் தெரியுமா? நோட்டும் பேனாவுமாக எதிரே உட்கார்ந்தால் அம்மாவுக்குப் பேச்சே வராது. முருங்கைக்கீரைக் கட்டைக் கையில் கொடுத்தேன். கீரையை உருவ உருவக் கதை வந்தது! ஃபோனைத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துப் பதிவு செய்தேன். நடுநடுவே குக்கர் விசில். அதைக்கூட அழிக்க மனம் வரவில்லை.

அப்புறம் மூன்று முறை மெய்ப்பு. 'ராத்திரி டூட்டி' என்று நான் எழுதியதை 'நைட் டூட்டி' என்று அம்மாவே திருத்தினார். 'நாங்க அப்படித்தான் சொல்லுவோம்!'

லேஅவுட் முடிந்தபோது 157 பக்கம். புத்தகத்தில் 16 பக்கம் ஒரு ஃபாரம். பத்து ஃபாரம் என்றால் 160. மூன்று பக்கம் மிச்சம்! படம் போடலாமா, வெற்றாக விடலாமா என்று நாங்கள் யோசிக்க, அம்மா சொன்னார்: 'எனக்குக் குடுங்க. டிரங்க் காலுக்கும் மூணு நிமிஷம்தான் கணக்கு. மூணு போதும்.' அன்றிரவே எழுதி, மடித்துத் தந்தார். கையெழுத்தை அப்படியே ஸ்கேன் செய்து சேர்த்தோம்.

இதோ, மிஷின் இரைகிறது! முதல் தாளை மிஷின்மேன் உருவித் தந்தார். மை வாசனை! ஒரு புறத்தில் எட்டுப் பக்கம். முதல் பக்கத்துக்கு அருகே 16. முதல் பக்கத்தின் தலைக்கு மேலே எட்டாம் பக்கம் தலைகீழாக! அம்மா அசரவே இல்லை. 'எங்க போர்டு மாதிரியே இருக்குடி. பாக்கத்தான் சிக்கல், எல்லாம் சரியான எடத்துக்குப் போய்ச் சேர்ந்துடும்.' மடித்துக் காட்டினார்கள். ஒன்று, இரண்டு, மூன்று... சேர்ந்தேவிட்டது! எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது.

இன்னொன்று சொல்லட்டுமா? 1954-ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிப்பாளர் ஒரு பிரதியைக் கன்னிமாரா நூலகத்துக்கு அனுப்பியாக வேண்டும். 1896-இல் திறந்த அந்த நூலகத்தின் அலமாரியில் இனி என் அம்மா!

கடைசியாகப் பத்தாவது ஃபாரம். அம்மா எழுதிய மூன்று பக்கமும் அதில்தான். தன்னைப் பற்றி ஒரு வரி இல்லை. எந்தக் காலில் யார் என்ன பேசினார்கள் என்பதும் இல்லை. அத்தனையும் பெயர்கள். போர்டில் பக்கத்து நாற்காலிகளில் உட்கார்ந்திருந்த 41 பெண்களின் பெயர்கள்.

'இவங்க இல்லாம என் கதை ஏதுடி?'

ஈரத் தாளில் விரல் படாமல், அந்த மிஷின் சத்தத்துக்கு மேலே குரலை உயர்த்தி, ஒவ்வொரு பெயராக வாசித்துக்கொண்டே போனார் அம்மா.