கறிவேப்பிலைச் செடியில் எட்டுக் கண்கள்

பூச்சிகளைப் படமெடுக்கக் காட்டுக்குப் போக வேண்டும், விலை உயர்ந்த கேமரா வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். இரண்டும் தேவையில்லை. தொடர்வீட்டின் பின்புறம் நான்கு பூந்தொட்டிகள், ஒரு கைப்பேசி, அதில் மாட்ட ஒரு சிறிய மேக்ரோ கிளிப் லென்ஸ், காலையில் அரை மணி நேரம். என் ஞாயிற்றுக்கிழமைகள் இப்படித்தான் தொடங்குகின்றன.

எங்கள் வீட்டுக் கறிவேப்பிலையில் ஒருநாள் பறவை எச்சம்போல் ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது. லென்ஸ் வழியாகப் பார்த்தால் அதற்குத் தலை இருந்தது, கால்கள் இருந்தன. கறிவேப்பிலை அழகி என்ற வண்ணத்துப்பூச்சியின் புழு அது. பறவைகள் கொத்தாமல் இருக்கவே சிறு வயதில் எச்சத்தின் வேடம். வளர்ந்ததும் பச்சை நிறத்துக்கு மாறி இலையோடு இலையாகிவிடும். தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து கவைபோன்ற கொம்பை நீட்டும். அதிலிருந்து கடுமையான வாடை வீசும்.

“இலையெல்லாம் ஓட்டை ஓட்டையா இருக்கு. ரசத்துக்குக் கிள்ள ஒண்ணும் மிஞ்சல. மருந்து அடிச்சிடு” என்றார் அம்மா.

“கொஞ்சம் பொறுங்கம்மா, படத்தை முடிச்சிடுறேன்” என்றேன்.

முட்டையிலிருந்து வண்ணத்துப்பூச்சியாக ஏறக்குறைய ஒரு மாதம் ஆகும். கூட்டைப் பிளந்து வெளியே வந்து, ஈரச் சிறகுகளை உலர்த்திக்கொண்டிருந்த அந்தப் பூச்சியின் படத்தை அம்மாதான் முதலில் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டார். இப்போது எங்கள் வீட்டில் இரண்டு கறிவேப்பிலைச் செடிகள். ஒன்று சமையலுக்கு, இன்னொன்று புழுக்களுக்கு.

சிலந்திகளில் எனக்குப் பிடித்தது சுவரிலும் இலையிலும் தாவித் திரியும் குதிக்கும் சிலந்தி. இது இரைக்காக வலை பின்னாது. எட்டுக் கண்களில் முன்னால் இருக்கும் பெரிய இரண்டால் குறிபார்த்து, பாதுகாப்புக்கு ஓர் இழையை ஒட்டிவிட்டுப் பாயும். கொசுவும் ஈயும் அதற்கு இரை. லென்ஸை அருகில் கொண்டுபோனால் ஓடாமல் திரும்பி நம்மையே பார்க்கும்.

மாமரத்தில் கெரெங்கா எறும்புகள் இருந்தால் நிதானமாகக் கவனியுங்கள். அவற்றைப்போலவே தோற்றம் கொண்ட ஒரு குதிக்கும் சிலந்தி நம் வட்டாரத்தில் உண்டு. முன்னங்கால்கள் இரண்டையும் எறும்பின் உணர்கொம்புகள்போல் உயர்த்தி நடக்கும். படத்தைப் பெரிதாக்கிக் கால்களை எண்ணினால் குட்டு வெளிப்படும். எறும்புக்கு ஆறு, சிலந்திக்கு எட்டு.

மூத்தவர்களுக்கு இதெல்லாம் புதிதல்ல. 1960களில் மலேசியா, சிங்கப்பூர்ச் சிறுவர்கள் ஒட்டியிருக்கும் இரண்டு இலைகளுக்கு நடுவே பளபளக்கும் சண்டைச் சிலந்தியைத் தேடிப் பிடித்து, தீப்பெட்டியில் வைத்து வளர்த்தார்கள். பொழுதுபோக்கு அறிவாக மாறியதும் உண்டு. சிங்கப்பூரின் ஜோசப் கோ தொழிலால் தூதராக இருந்தவர். சிங்கப்பூர்ச் சிலந்திகளைப் பற்றி அவர் எழுதிய கையேடு 1989இல் வெளிவந்தது.

படம் எடுக்க விரும்புவோருக்குச் சில குறிப்புகள். வெயில் ஏறுவதற்கு முன் தொடங்குங்கள். காலைக் குளுமையில் பல பூச்சிகள் மந்தமாக இருக்கும். இவ்வளவு நெருக்கத்தில் கூர்மையாகத் தெரியும் பகுதி ஓரிரு மில்லிமீட்டர்தான். ஆகவே கண்களைக் குறிவையுங்கள். கைப்பேசியை மெல்ல முன்னும் பின்னும் நகர்த்தியபடி இருபது படம் எடுத்தால் ஒன்று தேறும். பளிச்சென்ற ஒளி கண்ணைக் கூசினால் விளக்குக்கு முன்னால் வெள்ளை டிஷ்யூ தாளைப் பிடியுங்கள். படத்துக்காகப் பூச்சியைக் குளிர்சாதனப் பெட்டியில் வைப்பதும், ஊசியால் குத்தி நிறுத்துவதும் வேண்டாம்.

கொசுக்களிடம் மட்டும் தயவு வேண்டியதில்லை. ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து முழு வளர்ச்சி அடைய ஒரு வாரம் முதல் பத்து நாள் போதும். வாரந்தோறும் படமெடுக்கப் போகும்போதே தொட்டித் தட்டுகளில் தேங்கிய நீரைக் கொட்டிவிடுகிறேன். எல்லாவற்றையும் கொல்லும் மருந்தைச் செடிமேல் தெளிப்பது வேறு கதை. அசுவினியோடு அதைத் தின்னும் பொறிவண்டும் சாகும். கொசுவைப் பிடிக்கும் சிலந்தியும் சாகும். அசுவினி விரைவில் பெருகித் திரும்பிவிடும். அதை உண்பவை திரும்ப நாளாகும்.

பிள்ளைகளையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். “ஐயோ, சிலந்தி!” என்று கத்தும் பிள்ளை கையில் கைப்பேசியைக் கொடுத்தால், “அசையாதே, சிலந்தி!” என்று கிசுகிசுக்கும். எடுத்த படத்தை நாள், இடத்தோடு ஐநேச்சுரலிஸ்ட் செயலியில் சேர்த்தால் விவரம் தெரிந்தவர்கள் பெயர் சொல்ல உதவுவார்கள். ஆய்வாளர்களுக்கும் அது ஒரு பதிவாகும். பெயர் தெரிந்த பூச்சியைச் செருப்பால் அடிக்கப் பிள்ளைகளுக்கு அவ்வளவு எளிதில் மனம் வருவதில்லை.